சபையில் கீபோர்டு, உற்சவத்தில் கானமேளா: வேதம் இசையைப் பற்றி என்ன சொல்கிறது?

கேரள எல்லையோரத்திலுள்ள பாறசாலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23. ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிக்கிறார். உற்சவ சீசன் வந்தால் அதே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கானமேளா (மேடையில் சினிமாப் பாட்டும் மெல்லிசையும் பாடும் கச்சேரி) குழுவோடு ஊர் ஊராகப் போகிறார். சபையில் ஒரு மூத்தவர் கூப்பிட்டு, "இரண்டு எஜமானுக்கு ஊழியம் செய்யாதே" என்று சொல்லிவிட்டாராம். அவருடைய கேள்விகள் இவை: கிறிஸ்தவ இசைக்காரன் வேதத்தை வைத்து இசையைப் பற்றி ஒரு கொள்கை வகுத்துக்கொள்வது எப்படி? எந்த வாத்தியம் கூடும், எது கூடாது? கேரளத்து மேளமான செண்டை கூடுமா? காசு வாங்கலாமா?

தம்பி, நான் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் பாட்டுக்குழு நடத்தியவன். உங்கள் கேள்வியில் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது "எந்த வாத்தியம் கூடும்" என்கிற பகுதியைத்தான். நானும் அதைத்தான் பிடித்தேன், பிடித்து அசிங்கப்பட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஜனவரி முதல் வாரம், எங்கள் சபையில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆசையாக ஒரு நாகசுரம், தவில் செட்டுக்குச் சொல்லிவைத்திருந்தார். கமிட்டி கூடி, கோவில் வாத்தியம் ஆலயக் கேட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தது. அதைக் கேட்டில் நின்று சொன்னவன் நான்தான். அந்த மனிதர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, சீவாளியை உதட்டில் நனைத்து நனைத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி வீட்டு ஜெபம். வருஷத் தொடக்கம் என்பதால் ஆதியாகமம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாலாம் அதிகாரம் வாசித்தார். "யூபால், அவன் கின்னரக்காரர், நாகசுரக்காரர் யாவருக்கும் தகப்பனானான்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசித்தார். அப்புறம் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

மூல மொழியான எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஊகாப்', ஏதோ ஒரு ஊதும் கருவி. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள், தமிழனுக்குத் தெரிந்த ஊதுகருவி எது என்று பார்த்து நாகசுரம் என்று போட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, 150-ஆம் சங்கீதத்திலும் அதே சொல் வருகிறது. அங்கே அதைத் 'தீங்குழல்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். தம்பியைக் கொன்ற காயீனின் வம்சத்தில் பிறந்த வாத்தியம், கடைசிச் சங்கீதத்தில் கர்த்தரைத் துதிக்கிற வரிசையில் நிற்கிறது. காயீன் வம்சத்தான் கண்டுபிடித்தது என்பதற்காக இசை தீட்டு என்றால், யூபாலின் அண்ணன் யாபால் மந்தை மேய்ப்பவர்களுக்குத் தகப்பன், இன்னொரு சகோதரன் தூபால்காயீன் இரும்பு வேலைக்காரன். அப்படியானால் பாலும் குடிக்கக்கூடாது, அரிவாளும் தொடக்கூடாது.

தானியேல் மூன்றாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேபுகாத்நேச்சாரின் பொற்சிலைக்கு முன் எல்லாரும் விழவேண்டிய நேரத்தில் முழங்கியவை எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு. அதில் எக்காளமும் வீணையும் சுரமண்டலமும் தம்புருவும் தமிழ் வேதத்தின் 150-ஆம் சங்கீதத்திலும் இருக்கின்றன. சிலைக்கு முன் வாசித்த அதே பெயர்கள்தான். வேதம் வாத்தியத்தைப் பரிசுத்தம், அசுத்தம் என்று இரண்டாகப் பிரிக்கவே இல்லை. ராகத்தையும் பிரிக்கவில்லை. செண்டையா, டிரம்ஸா, ஆர்மோனியமா என்ற சண்டையில் ஆளாளுக்கு ஒரு வசனம் எடுத்து வீசுகிறார்கள். வீசுகிறவருக்குப் பழகிப்போன சத்தம் எது என்பதுதான் அதில் தெரிகிறது. ஆர்மோனியமே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டிதானே.

சரி, அப்படியானால் வேதம் எதைப் பற்றித்தான் கவலைப்படுகிறது? நான் புரிந்துகொண்டவரை, யாருக்கு முன் பாடுகிறோம், யாரோடு சேர்ந்து பாடுகிறோம், பாடிவிட்டு என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி. உங்கள் கொள்கை இந்த மூன்றின் மேல் நிற்கட்டும். இதில் நடுவில் இருப்பதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எபேசியர் ஐந்தாம் அதிகாரம் நமக்கு மனப்பாடம். "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லிக்கொண்டு." கொலோசெயரிலும் இதேதான்: "ஒருவருக்கொருவர் போதித்து." இரண்டு இடத்திலும் மூன்று வகைப் பாட்டைப் பிடித்துக்கொண்டு எது சங்கீதம், எது கீர்த்தனை என்று ஆராய்ச்சி செய்கிறோம். 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். சபையில் பாடுவது கடவுளை நோக்கி மட்டும் அல்ல. பக்கத்து பெஞ்சில் இருப்பவரை நோக்கியும்தான். பாடகர் ஒருவர் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வசனத்தில் பாதி நடக்கவில்லை என்று அர்த்தம்.

இது கீபோர்டுக்காரனின் கைக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு புதுப் பாட்டு. மேல் காந்தாரம் வரை ஏறும். பாடுகிற பையனுக்கு நல்ல உச்சக்குரல், இரண்டரைக் கட்டையில் எடுத்தான். கேட்க அருமையாக இருந்தது. நான் அன்று மேடையில் இல்லை. கடைசி பெஞ்சில், அம்மாமார் பக்கத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பல்லவி முழுக்க அவர்கள் பாடினார்கள். சரணம் ஏற ஆரம்பித்ததும் ஒருத்தர், இரண்டு பேர் என்று நிறுத்தினார்கள். மூன்றாம் வரியில் வாய் மட்டும் அசைந்தது. நாலாம் வரியில் அதுவும் இல்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது, மானிட்டரில் அவர்கள் குரல்தானே கேட்கும். அடுத்த வாரம் கீபோர்டின் டிரான்ஸ்போஸில் மைனஸ் நாலு போட்டு, அதாவது சுருதியை நாலு படி இறக்கி, வாசிக்கச் சொன்னேன். பையனுக்கு முகம் சுருங்கியது, கீழே வரும்போது அவன் குரல் எடுபடவில்லை. ஆனால் அம்மாமார் கடைசிவரை பாடினார்கள். 'ஒருவருக்கொருவர்' என்பதற்கு என்னிடம் இருக்கும் வியாக்கியானம் அந்த மைனஸ் நாலுதான்.

பாட்டு எடுபட வேண்டும் என்பதில் தப்பில்லை. திறமையை வேதம் ஒருபோதும் ஏளனம் செய்வதில்லை. சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ பாட்டுகளின் தலைப்பில் "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்று இருக்கும். ராகத்துக்கு ஒரு தலைவன் இருந்தான், பாட்டு அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது. முதலாம் நாளாகமம் 15-ல் கெனானியா என்பவன் பாட்டுச் சொல்லிக்கொடுத்தான். காரணமாக வேதம் சொல்வது அவன் அதில் நிபுணன் என்பதைத்தான். 25-ஆம் அதிகாரத்தில் பாடகர் தலைவர்களான ஆசாப், ஏமான், எதுத்தூன் வீட்டுப் பிள்ளைகள் 24 வகுப்பு, வகுப்புக்கு 12 பேர், மொத்தம் 288 பேர் கற்றுத் தேறியவர்கள். முறை யாருக்கு என்று முடிவு செய்ய ஆசானும் மாணாக்கனும் ஒரே மாதிரி சீட்டுப் போட்டார்கள். அந்த ஒரு வரியை எங்கள் பாட்டுக்குழுவில் அமல்படுத்தப் பார்த்தேன், அதாவது கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு யாருக்கு என்று சீட்டுப் போடலாம் என்றேன். நடக்கவில்லை. ஆசான்மார் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

33-ஆம் சங்கீதம் "வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள்" என்கிறது. சனிக்கிழமை பயிற்சிக்கு வராமல், ஞாயிற்றுக்கிழமை "ஆவியானவர் நடத்துவார்" என்று வந்து உட்காருகிறவர்களுக்கு இந்த வசனத்தை நான் பல தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆவியானவர் நடத்துவார்தான். ஆனால் ஏழு வருஷமாக அதே மூன்று கார்டில் நடத்துவாரா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது கருத்து. "நான் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது லேசான விஷயம் இல்லை. உங்கள் பாட்டிக்கு அநேகமாகத் தமிழ்க் கீர்த்தனை மனப்பாடமாகத் தெரியும். உங்களுக்கு அதே கீர்த்தனையை மலையாள எழுத்தில் எழுதிக்கொடுத்தால்தான் பாட வரும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, உங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாட்டுப் புத்தகத்துக்கு நடுவிலும் அந்தக் கோடு விழுந்தது.

ஆனால் நம் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் இந்தக் கோட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள் இல்லை. தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் கிறிஸ்தவப் பாட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். மயிலாடியில் பிறந்த ஜான் பால்மர் அடுத்த தலைமுறையில் நாகர்கோவில் பக்கம் கீர்த்தனைகள் எழுதினார். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, திருப்புறத்தில் 1847-ல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், தமிழும் கர்நாடக சங்கீதமும் கற்று, மலையாளத்தில் எழுதினார். இன்றைக்கும் கேரளத்துச் சபைகள் அவர் பாட்டைப் பாடுகின்றன. பாறசாலையில் ஒரு கிறிஸ்தவப் பையனுக்கு ராகம் அந்நியம் என்று யாராவது சொன்னால், இந்த மூன்று பேரையும் காட்டுங்கள்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் இல்லை. நம் பாமாலைப் புத்தகம் பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. மெட்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, தமிழைக் கொண்டுவந்து அதில் திணிக்க வேண்டும். தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். மலை என்பதை மெட்டு இழுத்தால் மாலை ஆகிவிடும். படம் பாடமாகும், கல் காலாகும். மெட்டு எங்கே இழுக்கிறதோ அங்கே நெடில் வரவேண்டும், எங்கே அழுத்துகிறதோ அங்கே சீரின் முதல் அசை விழவேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இதில் மாயம் செய்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் வார்த்தை உடைந்து கிடக்கிறது. கீர்த்தனையில் இந்தத் தொல்லை குறைவு. ஏனென்றால் சொல்லும் ராகமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கு மேலேயும் ராகமும் தாளமும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு வருகிற புதுப் பாட்டுகளில் இந்த நோய் திரும்ப வந்திருக்கிறது. ஏதோ ஒரு ஆங்கில ஆராதனைப் பாட்டின் மெட்டைக் கேட்டு, அதில் 'இயேசுவே'யை நாலாகப் பிரித்துப் போடுகிறார்கள். நீங்கள் மெட்டுப் போடுகிறவர் என்றால், முதலில் வரியைச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். பேச்சு எங்கே நீள்கிறதோ அங்கே நீட்டுங்கள். 'கருத்தோடும்' என்பது பாதி இலக்கணம்தான்.

கருத்தை விட்டுவிட்டு உணர்ச்சியை மட்டும் எழுப்புவது கீபோர்டுக்காரனுக்கு மிகச் சுலபம். உங்களுக்கே தெரியும். பேட் (pad) என்கிற நீண்டு ஒலிக்கும் சத்தத்தைப் பின்னால் மெதுவாக ஏற்றி, நாலாம் கார்டில் ஐந்து நிமிஷம் நின்று, டிரம்ஸை நிறுத்தித் திரும்ப விட்டால் கண்ணீர் வரும். இது தேவ பிரசன்னமா, நம் கை வேலையா? ஆதாரமாக எல்லாரும் காட்டுவது இரண்டாம் நாளாகமம் 5: பாடகரும் எக்காளம் ஊதுகிறவர்களும் ஒருமித்து ஒரே சத்தமாய்ப் பாடியபோது மேகம் ஆலயத்தை நிரப்பியது. ஜெர்மானிய இசைமேதை பாக் தன் சொந்த வேதாகம விளக்கவுரைப் பிரதியில் அந்த இடத்தின் ஓரத்தில், பக்தியோடு இசைக்கும்போது தேவன் தம் கிருபையோடு அங்கே இருக்கிறார் என்ற பொருளில் குறித்து வைத்தார். நல்லது. ஆனால் தாவீது சுரமண்டலம் வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் வந்தது என்று 1 சாமுவேல் 16-ல் படித்தால், 18-ஐயும் படிக்க வேண்டும். அங்கே அதே தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிந்தான். அதே கை, அதே வாத்தியம். கேட்பவன் மனதை வாத்தியம் திருப்பிவிடும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. மேகம் கூப்பிட்டு வருவது இல்லை. பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் தன் 'பாவ அறிக்கை' நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகம் அசைத்துவிட்ட நேரங்களைக் குற்றமாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் பாட்டு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சூரிச்சில் சபைச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி சொன்னார். அவரே நல்ல வாத்தியக்காரர், ஆனால் ஆலயத்தில் இசையை நிறுத்திவிட்டார். நான் அகுஸ்தீன் கட்சி. பயந்துகொண்டே வாசிப்பது நல்லது.

மூன்றாவது, பாடிவிட்டு என்ன செய்கிறோம். இங்கேதான் வேதம் இசைக்காரன் மேல் கோபப்படுகிறது. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்" என்று ஆமோஸ். சுருதி சேரவில்லை என்று அங்கே புகார் இல்லை. ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள் என்பதுதான் புகார். எசேக்கியேல் 33-ல் இன்னும் நம்மைக் குத்துகிற வரி. ஜனங்கள் தீர்க்கதரிசி பேசுவதை இனிய குரலில் பாடும் இன்பமான பாட்டைப்போலக் கேட்கிறார்கள், ஆனால் செய்வதில்லை. ரசிப்பதே கீழ்ப்படியாமைக்கு ஒரு வழியாகிவிடுகிறது.

நான் மேலே புகழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை மாற்ற வந்த புது மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர் அவர். அதே மிஷனரிகளுக்கு அவருடைய தமிழ்ப் பாட்டு முறையும் பிடிக்கவில்லை. பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம், பெஞ்சு விஷயத்தில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் நம் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) முன்னோர்கள் தோள்சீலைக்காக அடிபட்டு, 1859-ல் ராஜ விளம்பரம் வந்த பிறகுதான் மேலாடை உரிமை பெற்றார்கள். அந்த ஜனத்தின் பேரப்பிள்ளைகள் பாட்டுக்குழுவில் யார் எந்தக் குடும்பம் என்று பார்த்து முன் வரிசை கொடுத்தால், ஆமோஸ் வாசிக்கிற அன்று எழுந்து வெளியே போய்விடுவது நல்லது.

இன்னொரு குறை, நம் பாட்டுப் பட்டியலில் அழுகைக்கு இடம் இல்லை. 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை, ஒக்கிப் புயல். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. டிசம்பர் 3 ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. நாங்கள் கடலிலிருந்து தள்ளி இருப்பவர்கள், கடலோரச் சபை இல்லை. ஆனாலும் எங்கள் ஆலயத்தில் அன்று கடற்கரைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்த இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் தயாராக வைத்திருந்தது தம்பட்டம் போன்ற ஒரு வெற்றிப் பாட்டு. ரிதம் பேடில் பையன் கவுண்ட் கொடுக்கப் போனான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வேறு என்ன பாடுவது என்று கையிலிருந்த கோப்பைப் புரட்டினேன். நாற்பது பாட்டு இருந்தது. ஜெயம், ஆசீர்வாதம், மகிழ்ச்சி. ஒன்றுகூட அன்றைக்கு உதவவில்லை. கடைசியில் ஐயர் (எங்கள் போதகர்) 130-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். வாத்தியம் இல்லாமல் வாசித்து உட்கார்ந்தோம்.

வேதத்தின் பாட்டுப் புத்தகம் அப்படி இல்லை. புலம்பல் சங்கீதங்கள் அதில் ஏராளம். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியல் இல்லை. அதையும் ஒரு இராகத்தலைவன் கையில்தான் ஒப்புவித்தார்கள், யாரோ அதற்கு மெட்டுப் பழகினார்கள். உங்கள் கோப்பில் ஐந்து பாட்டாவது அழத் தெரிந்ததாக வைத்திருங்கள்.

சரி, கானமேளா. உங்கள் கேள்வியில் முள் இருப்பது இங்கேதான். மூன்றில் மீதியிருக்கும் 'யாருக்கு முன் பாடுகிறோம்' என்பது வருவதும் இங்கேதான். இதற்கு நேராக உதவுவது, சங்கீதங்களைவிடப் பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன இறைச்சி விவகாரம். கடையில் விற்கிற இறைச்சியை, அது எங்கே படைக்கப்பட்டது என்று விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். ஆனால் விக்கிரகத்தின் பந்தியில் போய் உட்காராதே என்கிறார். சினிமாப் பாட்டு கடை இறைச்சி. காதல் பாட்டு, தாலாட்டு, வேடிக்கைப் பாட்டு, நல்ல மெட்டு எல்லாம் யூபாலின் பிள்ளைகள் சொத்து, வாசிக்கலாம். ஆபாசமான வரி வந்தால் உங்களுக்கே தெரியும், அதற்கு வேத ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் நம் பக்கத்து உற்சவ மேடையில் வழக்கமாக முதலில் வருவது அந்தக் கோவில் தெய்வத்தின் பக்திப் பாட்டு. அங்கே அது வெறும் பாட்டா, ஆராதனையா? பாடுகிறவர்களுக்கும் எதிரே கைகூப்பி நிற்கிறவர்களுக்கும் அது ஆராதனைதான். அதை வெறும் பாட்டு என்று நீங்கள் சொன்னால், அவர்கள் பக்தியையும் நீங்கள் மதிக்கவில்லை. என் யோசனை: குழுத் தலைவரிடம் மரியாதையாகப் பேசி, அந்த முதல் இரண்டு பாட்டுக்கு வேறு ஆளை உட்கார வைக்கச் சொல்லுங்கள். குழுவில் இரண்டு கீபோர்டு இருக்கும், முடியாத காரியம் இல்லை.

உடனே "யேசுதாஸ்?" என்பார்கள். சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது, ஃபோர்ட் கொச்சியில் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரின் குரல். மலையாளிகள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் கேட்டு உருகியிருக்கிறேன். அவர் தன் மனசாட்சிக்குப் பதில் சொல்வார். நீங்கள் கேட்டது உங்களுடையதைப் பற்றி. பவுல் அதே இடத்தில் பலவீன மனசாட்சி உள்ள சகோதரனைப் பற்றியும் பேசுகிறார். உங்களைப் பார்த்துப் பாட்டுக்குழுவில் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் யாராவது இருந்தால், கணக்கில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'இரண்டு எஜமான்' வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தேயு 6-ல் அந்த இரண்டாவது எஜமான் உலகப்பொருள், பணம். சினிமாப் பாட்டு இல்லை. கானமேளாவில் வாங்குகிற சம்பளத்தைவிட, கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்ட) மேடையில் பேரம் பேசி வாங்குகிற சம்பளம் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் வரக்கூடும்.

அதற்காகக் காசே வாங்கக்கூடாது என்று இல்லை. நெகேமியா 13-ல் ஒரு காட்சி உண்டு. அவர் எருசலேமுக்குத் திரும்பிவந்து பார்க்கிறார், ஆலயப் பணி செய்யும் லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படவில்லை. பாடகர்கள் தங்கள் தங்கள் நிலத்துக்கு ஓடிப்போய்விட்டார்கள். வயிறு இருக்கிறதே. நெகேமியா பாடகர்களைத் திட்டவில்லை, அதிகாரிகளைத் திட்டினார். உங்கள் சபை சவுண்ட் செட்டுக்கும் பந்தலுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, வாசிக்கிறவனிடம் "ஊழியம்தானே தம்பி" என்றால், இந்த அதிகாரத்தைக் கமிட்டியில் வாசிக்கச் சொல்லுங்கள். பஸ் காசாவது கிடைக்கும். வாங்கவில்லையென்றால் வாசிக்கமாட்டேன் என்று நீங்கள் சொல்லத் தொடங்கும் நாளில், வேறு அதிகாரம் வாசிக்க வேண்டியிருக்கும்.

செண்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆலயத் திருநாள் ஊர்வலத்துக்குச் சிங்காரி மேளம் (செண்டைக் குழு) வைக்கலாம், தப்பே இல்லை. கான்கிரீட் கூரைக்குள் வைக்காதீர்கள். காரணம் வேதத்தில் இல்லை, காதில் இருக்கிறது.

கடைசியாக அந்த மூத்தவர். அவரோடு வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். நான் எழுதியதை அச்செடுத்துக் காட்டவும் வேண்டாம். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், சின்ன வயதில் அவர் சபையில் பாடிய தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைக்காரர்களிடம் புத்தகத்தில் இருக்கும் ராகம் ஒன்று, வாயில் இருக்கும் மெட்டு வேறொன்றாக இருக்கும். அந்த மெட்டை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கீபோர்டைக் கொண்டுபோகாதீர்கள், அவர் எடுக்கிற சுருதி எதுவோ, அதிலேயே பாடட்டும்.